பொழிலிலிருந்து வந்த பெயர்

எங்கள் மகளுக்கு இப்போது ஏழு மாதம். அவளுடைய பெயரைக் கேட்பவர்கள் அநேகமாக ஒருமுறை நிறுத்தி, "செருந்தியா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். திருகோணமலைக் கோயில் மீது சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தில் வருகின்ற ஒரு பூவின் பெயர் என்று நாங்கள் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பூவிடம் நாங்கள் வந்து சேர்ந்த வழி, இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு மாயக் கதைக்குள் தொடங்கியது என்பதை வீட்டுக்கு வெளியே ஓரிருவர்தான் அறிவார்கள். நேசித்த கதையொன்றின் அடையாளம் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆனால் அது பிள்ளைக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று நினைக்கின்ற பெற்றோர் சிலர் அண்மையில் என்னிடம் வழி கேட்டதால், நாங்கள் தேடிய கதையை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

நானும் கணவரும் டோல்கீனின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நூலின் மூன்று பாகங்களையும் சேர்ந்து வாசித்தது 2022 இல். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் வெவ்வேறு நாட்களில் வாங்கியவை என்பதால் மூன்றுக்கும் மூன்று விதமான அட்டை. அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், காற்று வரட்டும் என்று யன்னலைத் திறந்தால் மெழுகுதிரி அணைந்துவிடும், மூடினால் வியர்த்துக் கொட்டும் என்பதால், ஒருவர் சுடரைக் கையால் மறைத்துப் பிடிக்க மற்றவர் உரக்க வாசிப்பார். இரண்டாம் பாகத்தின் முடிவில், மற்ற விளக்குகளெல்லாம் அணைந்துபோன இடத்திலும் ஒளி தரும்படி கொடுக்கப்பட்ட சிறு குப்பியொன்றைக் கதையின் நாயகன் ஃபுரோடோ இருட்டுக் குகைக்குள் உயர்த்திப் பிடிக்கின்ற இடத்தை நாங்கள் அப்படித்தான் வாசித்தோம். அந்தப் பக்கத்தில் சொட்டிய மெழுகு, நகத்தால் சுரண்டியும் போகாமல், காசளவு வட்டமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. வயிற்றில் பிள்ளை தங்கியதும் இந்தக் கதையிலிருந்து ஒரு பெயர் எடுக்க வேண்டும் என்று கணவர் சொன்னபோது, எனக்கு அந்த மெழுகு வட்டம்தான் நினைவுக்கு வந்தது.

முதலில் நாங்களும் எல்லோரையும் போலக் கதாபாத்திரங்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்லிப் பார்த்தோம். வாசிக்கும்போது அழகாக இருந்த பெயர்கள் தமிழ் வாய்க்குள் வந்ததும் வேறொன்றாக மாறின. ஆர்வென், லூதியன் இரண்டும் கதையில் பேரழகிகளின் பெயர்கள். ஆனால் தமிழ்க் காதுக்கு 'ன்' என்று முடிகின்ற பெயர் ஆண்பிள்ளையின் பெயராகவே ஒலிக்கும். ஃபுரோடோ என்று தொடங்கத் தமிழ் எழுத்தே இடம் தராது. 'கலாட்ரியல்' பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே கலாட்டா ஆகிவிடும் என்று அஞ்சினேன். லூதியன் என்ற பெயரை நான் விலக்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒக்ஸ்போர்டில் டோல்கீனும் மனைவி எடித்தும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறையில், மனைவியின் பெயரின் கீழ் லூதியன் என்றும் டோல்கீனின் பெயரின் கீழ், கதையில் லூதியனின் காதலனான பெரென் என்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஒருவர் தம் மனைவிக்கென்று கல்லில் எழுதிய பெயரை நாங்கள் எடுத்துக்கொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

ஒலியை அப்படியே எடுப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் ஓடிய காலத்தில், 2018 இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று பெயர் வைத்திருந்தார்கள். கதைக்குள் அது பெயர்கூட அல்ல, அரசிக்குரிய பட்டம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்தத் தொடர் முடிவை நெருங்கியபோது, அந்த அரசியே சரணடைந்த நகரமொன்றை மக்களோடு எரித்தாள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நேசித்தது அதற்கு முந்தைய பெண்ணை. ஆனால் பிள்ளையின் பெயர் முழுவதும் ஒரு பாத்திரத்தையே சார்ந்து நிற்குமானால், அந்தப் பாத்திரத்துக்கு நேர்வதெல்லாம் பிள்ளையின் பெயருக்கும் நேர்ந்துவிடுகிறது.

கதையிலிருந்து பெயர் எடுப்பது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. கல்கியின் பொன்னியின் செல்வனை வாசித்த குடும்பங்களில் வானதியும் பூங்குழலியும் அருள்மொழியும் பிறந்திருக்கிறார்கள். பத்திரிகையில் அந்தத் தொடர் முடிவடைந்த 1954 ஆம் ஆண்டிலேயே டோல்கீனின் முதல் பாகம் இலண்டனில் வெளிவந்தது என்பதை அறிந்தபோது எனக்குக் காரணமில்லாத ஒரு மகிழ்ச்சி உண்டானது. பூங்குழலி என்ற பெயர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாமல் நிற்பதற்குக் காரணம், கதையைப் படிக்காதவருக்கும் அது பூச்சூடிய கூந்தல்தான். கதை தெரிந்தவருக்கு அதோடு சேர்த்து ஒரு படகும் கோடிக்கரையும் தெரியும். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அப்படிப்பட்ட பெயர்தான்: கதையை அறியாதவருக்கும் முழுமையான தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும்.

இதற்கான விடை அந்த நூலுக்குள்ளேயே, மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. பெரும் பயணமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய தோட்டக்காரன் சாம், தன் முதற் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் ஃபுரோடோவிடம் வந்து நிற்கிறான். ஆண்பிள்ளை என்றால் ஃபுரோடோ என்றே வைப்பதென்று அவனும் மனைவி ரோசியும் முடிவு செய்திருந்தார்கள், பிறந்தது பெண். பயணத்தில் அழகான பெயர்கள் பல கேட்டிருந்தாலும், அவை அன்றாடம் அழைப்பதற்கு மிகப் பெரியவையாக இருக்கின்றன என்பது அவனுடைய கவலை. கூப்பிடும்போது நறுக்க வேண்டி வராதபடி முதலிலேயே சிறிய பெயராக வை என்று அவனுடைய வயதான தகப்பன் சொல்லியிருந்தார். பெண் பிள்ளைகளுக்குப் பூவின் பெயரை வைப்பதுதானே நம் ஊர் வழக்கம் என்று ஃபுரோடோ நினைவூட்டி, லோத்லோரியன் காட்டுப் புல்லில் இருவரும் பார்த்த சிறிய பொன்னிறப் பூவின் பெயரைச் சொல்கிறான்: எலனோர். அந்தக் காட்டு மக்களின் மொழியில் அதற்குக் கதிரவ வெள்ளி என்று பொருள்.

போரைப் பற்றிய இவ்வளவு பெரிய நூல், ஒரு பிள்ளைக்குப் பெயர் தேடுகின்ற உரையாடலை அதன் கடைசிப் பக்கங்களில் இவ்வளவு பொறுமையாக வைத்திருப்பதை நான் இரண்டாம் முறை வாசித்தபோதுதான் கவனித்தேன். சாம் எந்த வீரனின் பெயரையும் எடுக்கவில்லை, எந்த அரசியின் பெயரையும் எடுக்கவில்லை. தன் மனம் நிறைந்து நின்ற ஒரு காட்டிலிருந்து ஒரு பூவைத் தன் ஊர் வழக்கத்துக்குள் கொண்டுவந்தான். அந்தப் பெயர்களின் ஒலியைப் பின்பற்றுவதை விட்டு, சாம் செய்ததையே நாங்களும் செய்வோம் என்று அன்றிரவு முடிவெடுத்தோம்.

ஆண்பிள்ளை என்றால் எளிதாக இருந்திருக்கும். அரகோர்ன் என்ற அரசன் சிறுவனாக மறைந்து வளர்ந்த காலத்தில், பகைவருக்குத் தெரியாதிருக்க அவனை எஸ்தெல் என்று அழைத்தார்கள். நம்பிக்கை என்பது அதன் பொருள். நமக்கு 'நம்பி' இருக்கிறது. ஆடவருள் சிறந்தவன் என்ற பழைய பொருளோடு, நம்பியாரூரர் முதலாகச் சைவ மரபில் வேரூன்றிய பெயர். சொல்லும்போதே நம்புதலும் அதில் கேட்கிறது. இன்றும் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைக்கு எலனோரின் பொருளைத் தமிழில் தேடப் போனபோது எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. டோல்கீன் படைத்த மொழிகளில் எல், எலென் என்றால் விண்மீன். தமிழில் எல் என்றால் ஒளி, கதிரவன், பகல். 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம். அந்தக் கதை மாந்தர் முதன்முதலில் விண்மீன்களைக் கண்டபோது 'எலே!' என்று வியந்து கூவினார்கள் என்றும், அந்தக் கூவலே சொல்லாயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். மார்கழியில் 'எல்லே இளங்கிளியே' என்று தோழியைத் துயிலெழுப்பிய ஆண்டாளின் குரல் அப்போது என் காதில் கேட்டது. இது தற்செயல்தான், இரண்டுக்கும் உறவு கற்பிக்கின்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் மின்வெட்டுக்குள் வாசித்த கதைக்கு ஒளியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே துணை வந்ததில் மனம் நெகிழ்ந்துவிட்டது. எல் என்பதோடு இனி சேர்ந்தால், தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி எல்லினி ஆகும். இனி வெளிச்சம் என்று பொருள் கொள்ளலாம். பிள்ளை பிறக்கும் முன்பே நாங்கள் அவளை எல்லினி என்று அழைக்கத் தொடங்கியிருந்தோம்.

என் அம்மா கனடாவில் தங்கையோடு இருப்பதால், பேறு பார்க்கத் திருகோணமலையிலிருந்து மாமி வந்து நின்றார். பிள்ளை கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தாள். அதற்குரிய எழுத்துகள் அ, இ, உ, எ என்று மாமி விரலை மடக்கிச் சொன்னபோது, எங்கள் பெயருக்கு விதியும் இடம் தந்துவிட்டதாகவே நினைத்தோம்.

இரண்டாம் கிழமை என் அலுவலகத் தோழி பிள்ளையைப் பார்க்க வந்தார். சிங்களவர்; என்னோடு பல ஆண்டுகளாக ஒரே அறையில் வேலை செய்கிறவர். பெயரைச் சொன்னதும் அவருடைய முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். சிங்களத்தில் 'எல்லனவா' என்றால் தொங்கவிடுவது; தூக்கிலிடுவதற்கும் அதே சொல். பெயராகக் கேட்டால் ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று அவர் பல முறை சொன்னார். ஆனால் இந்த நகரத்தில் பிறக்கின்ற தமிழ்ப் பிள்ளையின் பெயர் இரண்டு மொழிகளில் வாழ வேண்டும். வகுப்பறையில், வங்கியில், வைத்தியசாலை வரிசையில் அந்தப் பெயரை உரக்க அழைக்கப் போகிறவர்களில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். ஒரு நண்பியின் முகத்தில் ஒரு கணம் வந்து போனது, என் மகளுக்கு முன்னால் ஆயிரம் முகங்களில் வந்து போகக் கூடாது. அன்றிரவு நான் அழுதேன். கொழும்பில் பெயர் தேடுகின்ற தமிழ்ப் பெற்றோர் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முடிவெடுக்கும் முன்பு சிங்களம் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவரிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

பூவைத் தேடுவதென்று மீண்டும் தொடங்கினோம். கதிரவனோடு சேர்ந்த சிறிய மஞ்சள் பூ என்றால் சங்கப் பாடல்களில் நெருஞ்சிதான். சுடர் போகும் திசையெல்லாம் முகம் திருப்புகின்ற பூ. ஆனால் கண்ணுக்கு இனிய புதுமலர் முள்ளைத் தந்தது போல என்று, மாறிப்போன காதலனுக்கு அதை உவமை சொல்கிறது குறுந்தொகை. பொருளால் எலனோருக்கு அவ்வளவு நெருங்கிய பூவை அந்த முள்ளுக்காகக் கைவிட்டோம். கொன்றை, வேங்கை, ஆவாரை என்று கணவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். எதுவும் எங்களுடையதாகவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, உறவினர் வந்து, என்ன பெயர் என்று கேட்டுத் திரும்பியபோதும் பிள்ளை வெறும் பிள்ளையாகவே இருந்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாமி அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குளியலறைத் தரையில் சிறிய பலகையில் அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் பூசிய சிறு முதுகில் இளஞ்சூட்டு நீரை ஒரு கையால் வார்த்து மற்றக் கையால் வழித்தபடி, எப்போதும் போலக் கோணமாமலைப் பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்க் கோயிலின் பதிகம். தாலாட்டு, பிரார்த்தனை, பொழுதுபோக்கு எல்லாம் அவருக்கு அதுதான். நான் துவாயோடு வாசலில் நின்றேன். அத்தனை நாளும் காதில் விழுந்துகொண்டிருந்த அடிகள் அன்றைக்குத்தான் சொற்களாகக் கேட்டன. 'விரிந்துயர் மௌவல் மாதவி புன்னை வேங்கைவண் செருந்திசெண் பகத்தின், குருந்தொடு முல்லை கொடிவிடும் பொழில்சூழ் கோணமா மலை.' பூவும் மரமும் கொடியும் நிறைந்த ஒரு பொழில்; அதன் நடுவில் செருந்தி.

"மாமி, செருந்தி எண்டா என்ன?" என்று கேட்டேன். "மஞ்சள் பூ பிள்ளை, பொன் மாதிரி இருக்கும்" என்றார் தலை நிமிராமல்.

செருந்தி என்று கோரை ஒன்றையும் சொல்வதுண்டு; ஆனால் பொழிலில் பூப்பது மரச் செருந்தி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களிலும் அது இருக்கிறது. ஐங்குறுநூற்றில் கடற்கரை மணல்மேட்டில் ஞாழலோடு சேர்ந்து மணக்கிறது. காலி வீதியைக் கடந்தால் கடல் இருக்கின்ற எங்கள் வீட்டுக்கு அதுவும் பொருந்தியது. எல்லாவற்றையும்விட, சம்பந்தர் இந்தப் பதிகத்தை இராமேச்சுரத்தில் நின்றபடியே பாடினார் என்று பெரியபுராணம் சொல்வது என்னை ஆட்கொண்டது. கடலுக்கு அப்பால், மனத்தால் மட்டும் கண்ட ஒரு பொழிலின் பூக்களை அவர் பெயர் பெயராக எண்ணியிருக்கிறார். தாம் ஒருபோதும் போக முடியாத ஒரு காட்டின் புல்லில் எந்தப் பூ பூக்கும் என்று அறிந்து வைத்திருந்த எழுத்தாளர் ஒருவரின் நூலிலிருந்து புறப்பட்ட எங்களுக்கு, இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. சாமுக்கும் பெயரை இன்னொருவர்தான் எடுத்துக் கொடுத்தார் என்று கணவர் அன்றிரவு சொன்னார். எங்களுக்கு மாமி கொடுத்தார், கொடுக்கிறோம் என்று தெரியாமலே.

எழுத்துத்தான் பொருந்தவில்லை. 'செ' கார்த்திகைக்கு உரியதல்ல. மாமி வருந்துவார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதிகத்தில இருக்கிற சொல்லுக்கு எழுத்துப் பார்க்கிறதில்லை" என்றார். அலுவலகத் தோழி தொலைபேசியில் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு பூவா என்று கேட்டார். எந்தத் தடையும் அவருடைய குரலில் இல்லை.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று வேறு அலைச்சல். நாங்கள் முப்பத்தெட்டாம் நாள் போனோம். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்ற கேள்வி அங்கே வருமென்று தெரிந்ததால், எஸ் எழுத்தில் தொடங்கி, தி என்பதற்கு நம் வழக்கப்படி டி-யும் எச்-உம் சேர்த்து எழுதுவதென்று முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தோம். வேறு பெற்றோரும் இப்படிச் செய்வது நல்லது. அவசரத்தில் எழுதப்படும் ஓர் எழுத்து கடவுச்சீட்டு வரைக்கும் தொடரும். உறவினரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டோம்: பெயரைச் சுருக்க வேண்டாம், 'செரு' என்றால் பழந்தமிழில் போர். நான்கெழுத்துக் கூடிய சிறிய பெயர். சாமின் தகப்பனாரின் ஆலோசனை அதற்குப் போதும்.

பதிவு முடிந்து வந்த அன்று மாலை, கணவர் மூன்றாம் பாகத்தை எடுத்து வந்து, அந்தத் தோட்டக்காரனின் கதையை மாமிக்குத் திருகோணமலைப் பேச்சில் சொன்னார். பயணத்தையும் போரையும் நான்கு வரியில் முடித்துவிட்டுப் பெயர் கேட்ட இடத்தை மட்டும் நீட்டிச் சொன்னார். மாமி மடியில் பிள்ளையை வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை வளந்து என்ன செய்தது?"

கணவர் நூலின் பின்னிணைப்பைப் புரட்டினார். எலனோர் வளர்ந்து அரசியின் தோழிப்பெண் ஆனாள். மணம் முடித்து மேற்கே போனாள். மனைவி இறந்த பின் சாம் கடல் கடந்து போகப் புறப்பட்டபோது, அந்தக் கதை முழுவதும் எழுதியிருந்த சிவப்பு நிறப் புத்தகத்தை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். அவளும் அவளுக்குப் பின் அவளுடைய பிள்ளைகளும் அதைப் பாதுகாத்தார்கள்.

"அப்ப நல்லது" என்றார் மாமி. பிள்ளை நித்திரையாகியிருந்தாள். துவாயைச் சரி செய்து அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், அறைக்குள் போகும் முன் நின்று, அந்தப் புத்தகத்தைப் பூச்சி அரிக்காத இடமாகப் பார்த்து வைக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.